வான் பாய்ந்த நாள்



"நான் சென்ற ஒரு சுற்றுலா" என்பது உங்களுக்கு நன்கு பழக்கமான கட்டுரைத் தலைப்பு. கீழ் வகுப்புகளிலிருந்தே எழுதி வருகிறீர்கள். க.பொ.த. சாதாரண தரத்திற்கு வந்த பின்பும், அதே தலைப்போ அதற்கு நெருங்கிய ஒன்றோ வரும் என்ற நம்பிக்கையில் உங்களில் பலர் ஒரு கட்டுரையை மனனம் செய்து வைத்திருக்கிறீர்கள். தாராபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கும் மாலை வகுப்பில் இருபது பிள்ளைகள் எழுதினால், இருபது பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே கண்டிக்குப் போய் வருகிறார்கள். அதிகாலையில் சேவல் கூவுகிறது. சோற்றுப் பார்சல் கட்டப்படுகிறது. வழிநெடுக மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. மாலையில் எல்லோரும் "மட்டற்ற மகிழ்ச்சியுடன்" வீடு திரும்புகிறார்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இது என் வாழ்வில் மறக்க முடியாத நாள். எதை மறக்க முடியவில்லை என்று கேட்டால் விடை இல்லை.

சென்ற தவணை ஒரு மாணவி மட்டும் கண்டிக்குப் போகவில்லை. கட்டுக்கரைக் குளத்திற்குக் குடும்பத்துடன் போனதாக எழுதியிருந்தாள். எனக்கு ஒரே சந்தோசம். ஆனால் எட்டாவது வரியில், "திடீரென மழை பெய்தபடியால் எங்கள் சுற்றுலா குழம்பிவிட்டது. நாங்கள் வீடு திரும்பினோம்" என்று முடித்துவிட்டாள். மிச்சப் பக்கத்தை நிரப்புவதற்காக, குளத்தைக் கட்டிய மன்னனைப் பற்றி வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்திருந்தாள். நான் அந்த வரியின் கீழே சிவப்புப் பேனையால் கோடிட்டு, "மழை வந்த பின்பு என்ன நடந்தது?" என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒன்றும் நடக்கவில்லை டீச்சர். மழைதான் பெய்தது" என்றாள்.

அவளுக்கு வாயால் சொல்லத் தொடங்கிய விடயத்தைத்தான் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் அதே குளத்திற்கு ஒருமுறை போனது. எங்கள் பயணமும் மழையால் குழம்பியது. அது 2011 பெப்ரவரி.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். "முகாம்" என்ற சொல்லைச் சாரணர் முகாம், இரத்ததான முகாம் என்று நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு பொருள்தான் இருந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் குடும்பங்கள் பல வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு அப்போது மூன்று மாதம். அதன் பின்பு புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில். நான் நடக்கப் பழகியது, எழுதப் பழகியது, உயர்தரம் படித்தது எல்லாம் அங்கேதான். ஆகவே குளக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவோம் என்று நானா சொன்னபோது, உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"இருபது வருஷம் முகாமில கிடந்தது போதாதா? இனிக் காசு குடுத்து வான் புடிச்சு இன்னொரு முகாமுக்குப் போகணுமா?" என்றார்.

நானா அப்போது கட்டாரிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார். திரும்பிப் போக ஒன்பது நாள் இருந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2010 மார்ச்சில் மன்னார்த் தீவுக்குப் புதிய பாலம் திறந்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்புவதா, புத்தளத்திலேயே இருந்துவிடுவதா என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் நடந்தது, முடிவு மட்டும் வரவில்லை. அதற்குள் நானாவுக்கு ஊரைப் பார்க்க வேண்டும். அதோடு வாப்பா சிறுவயதில் எங்களுக்குக் கதை கதையாய்ச் சொன்ன அந்தக் குளத்தின் கரையில் ஒரு இரவாவது படுக்க வேண்டும். வாப்பா ஒரு காலத்தில் தீவிலிருந்து கருவாடு கொண்டு போய் முருங்கன் பக்கத்து விவசாயிகளிடம் கொடுத்து நெல் வாங்கி வருபவர். அப்படிப் பழகிய ஒருவரை நாங்கள் "முருங்கன் மாமா" என்போம். பெயரைக் கேட்டிருக்கிறோமே தவிர முகத்தைக் கண்டதில்லை.

கூடாரம் எங்களிடம் இருக்கவில்லை. நிவாரணமாகக் கிடைத்த பெரிய தறப்பாள் ஒன்று இருந்தது. நானா அதைத்தான் கூடாரம் என்றார்.

பெப்ரவரி 3 வியாழக்கிழமை விடியற்காலையில் புத்தளத்திலிருந்து புறப்பட்டோம். மறுநாள் சுதந்திர தினம், அதோடு சனி, ஞாயிறு. வாடகை வானில் வாப்பா, உம்மா, நானா, நான், ராத்தா, மச்சான், அவர்களுடைய நான்கு வயது மகன். புறப்படும்போதே மழை. அந்த ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமெல்லாம் பெருவெள்ளம் வந்து பத்து இலட்சம் பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வானொலியில் மறுபடியும் மழை, மறுபடியும் எச்சரிக்கை. நாள் மாற்றலாமா என்று மச்சான் மெல்லக் கேட்டார். "மன்னாருக்கு எங்க மழை வரப்போகுது?" என்றார் வாப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மன்னார் வறண்ட வலயம். மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு ஓய்ந்துவிடும். பெப்ரவரி என்றால் பெரும்போக நெல் அறுக்கும் மாதம்.

அநுராதபுரத்தில் மல்வத்து ஓயாப் பாலத்தைக் கடந்தோம். ஆறு தேநீர் நிறத்தில், பாலத்துக்குக் கீழே அவ்வளவு கிட்ட ஓடியது. முழு மரம் ஒன்று வேரோடு மிதந்து வந்தது. சின்னவன் கைதட்டினான். ராத்தா கமெராவில் படம் எடுத்தார். வானை நிறுத்தி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனோம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரத்தைப் பற்றி நிறைய எழுதலாம், இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் நிலைகள் இல்லை, குசினிக்குள் ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் இருந்தது. உம்மா கிணற்றுக் கட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "தண்ணி நல்லா இருக்கு" என்றார். முன்பே திரும்பி வந்திருந்த உறவினர் வீட்டில் அன்றிரவு தங்கினோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து புறப்பட்டோம். தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் வீதியின் இரு பக்கமும் உப்பு நீர், தூரத்தில் பூநாரைகள். அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் முருங்கன். மாமா சந்தியில் காத்திருந்தார். வாப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. "நானா, கருவாடு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். வாப்பா வானின் பின்கதவைத் திறந்து பார்சலைக் காட்டினார். இருபது ஆண்டுக்குப் பின்பு அவர்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இனிக் குளம். கட்டுக்கரைக் குளத்தைத் தாதுசேன மன்னன் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படுவதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் அது திருத்தப்பட்டது. இவற்றை எழுதினால் பரீட்சகர் புள்ளியைக் குறைக்கமாட்டார், ஆனால் ஆண்டுகளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்தக் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். தன் தலையில் பெய்யும் மழையை மட்டும் நம்பியிருக்கும் குளம் அல்ல அது. அருவியாற்றைத் தேக்கம் என்னும் இடத்தில் அணை போட்டு மறித்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். குளத்திலிருந்து துருசுகள் வழியாக வயல்களுக்கும் சிறு குளங்களுக்கும் நீர் போகிறது. மன்னார் மாவட்டத்து நெல் வயல்களில் பெரும்பகுதி இந்த நீரைத்தான் குடிக்கிறது. 164 கிலோமீற்றர் ஓடிவரும் அந்த அருவியாற்றுக்கு மேலே அநுராதபுரத்தில் பெயர் வேறு. ஆம், நாங்கள் பாலத்தில் நின்று படம் எடுத்த அதே மல்வத்து ஓயாதான். அன்று எங்கள் வானில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

நீர் தேங்கி நிற்கும் பக்கத்தை அலைகரை என்பார்கள். அழகான சொல், உங்கள் கட்டுரைகளில் நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அலைகரையோரம் ஒரு மருதமரத்தின் கீழே நானா இடம் பிடித்தார். மாமா நீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இவடத்தில வேண்டாம் தம்பி, வயல் குடிலுக்குப் பக்கத்தில அடியுங்கோ" என்றார். நானாவுக்குக் குளம் கண்ணுக்கு முன்னே தெரிய வேண்டும். தண்ணீர் இருபது அடி தள்ளித்தானே நிற்கிறது என்று சொல்லி, நீர் முடியும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு தடியையும் நட்டார். அது பின்னேரம் ஐந்து மணி.

தறப்பாளை மரத்துக்கும் இரண்டு கம்புக்கும் இடையில் கட்டி முடிக்கும்போது மழை வந்தது. தூறலாகத் தொடங்கும் மழை அல்ல அது. குளத்தின் மறுகரையிலிருந்து வெள்ளைத் துணி போல நகர்ந்து வந்து எங்கள் மேல் விழுந்தது. பிறகு காற்று. நானா உயரமாகக் கட்டிய பக்கம்தான் வாடைக்காற்று வரும் பக்கம். தறப்பாள் பாய் போலப் பொங்கி ஒரு கம்பைப் பிடுங்கியது. மசாலா போட்டு வைத்த கோழிச் சட்டிக்குள் மழைநீர் நிறைந்தது. சின்னவன் அழத் தொடங்கினான். நான் பாயைத் தூக்குவதா பையைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

அதுவரை வானுக்குள் இருந்து இறங்காமல் இருந்த உம்மா அப்போதுதான் இறங்கி வந்தார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார். "வாடைப் பக்கத்தைத் தாழக் கட்டு. தரையோட கட்டு" என்று நானாவுக்குச் சொன்னார். மச்சானிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, தறப்பாளைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் கான் வெட்டினார். பள்ளமான பக்கத்தில் அந்தக் கானுக்கு ஒரு வாய் வைத்தார். உள்ளே வந்த நீர் அந்த வழியே ஓடியது. தறப்பாளின் நடுவில் நீர் தேங்கித் தொய்யும்போதெல்லாம் ஒரு தடியால் அடியிலிருந்து உயர்த்தி வடித்தார். நெருப்புப்பெட்டியும் உப்பும் பன்னாடையும் பொலித்தீன் பையில் சுற்றி அவருடைய பைக்குள் இருந்தன; போகவே மாட்டேன் என்று சொன்னவர் எப்போது அவற்றை எடுத்து வைத்தார் என்று தெரியாது. மூன்று கல்லை வைத்து, பன்னாடையில் நெருப்புப் பிடிக்கச் செய்து, ஏழு மணிக்கெல்லாம் எங்கள் கையில் இஞ்சித் தேநீர் கொடுத்தார். ஒவ்வொரு மாரியிலும் கிடுகுக் கொட்டிலில் அவர் செய்த வேலைகள்தாம் இவை. சிறுவயதில் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எல்லா உம்மாமாரும் செய்வது என்று நினைத்திருந்தேன்.

கட்டுக்கரை ஆழம் குறைந்த, பரந்த குளம். அப்படிப்பட்ட குளத்தில் நீர்மட்டம் ஒரு சாண் ஏறினால் போதும், அலைகரை பல அடி உள்ளே வந்துவிடும். பத்து மணியளவில் நானா ரோச் அடித்துத் தடியைத் தேடினார். தடி நீருக்குள் நின்றது. பதினொரு மணிக்குத் தடியைக் காணவில்லை. உம்மா வெட்டிய கானில் நீர் வெளியே ஓடாமல் உள்ளே வரத் தொடங்கியது. இருட்டில் எங்கே நகர்வது? மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்த காலம். தெரியாத பற்றைக்குள் கால் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. வானில் ஏறிப் போகலாம் என்றால் அதன் பின்சில்லுகள் இரண்டும் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டன.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மாமா பெட்டியோடு கொண்டு வந்திருந்தார். "நான் படுக்கவே இல்லை நானா, நீங்க இவடத்தில இருக்கேக்க எப்படிப் படுக்கிறது" என்றார். கேட்டிருந்தால் இது வந்திருக்காதே என்று அவர் சொல்லவில்லை. தறப்பாளை அவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏழு பேரும் பெட்டிக்குள் குந்தியிருந்து அவர் வீட்டுக்குப் போனோம். மாமி உலர்ந்த சாரங்களும் துவாய்களும் எடுத்து வைத்திருந்தார். அவர்கள் கத்தோலிக்கர். விடியப்புறம் உம்மா தொழுவதற்கு மேற்குப் பக்கம் எது என்று கேட்டு, அந்த அறையைக் கூட்டிப் புதுப் பாயும் விரித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை முழுவதும் மழை. அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வெட்கம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தகரக் கூரையின் கீழே இருந்துகொண்டு நாங்கள் புறுபுறுத்தோம். நானா விடுமுறையில் எத்தனை நாள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணினார். ராத்தா நனைந்த கமெராவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் நாட்குறிப்பில், "இவ்வளவு செலவழித்து வந்த சுற்றுலா பாழாய்ப் போனது" என்று எழுதினேன். அந்த வரி இன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று மாமா நான்கு தடவை வீட்டுக்கு வந்து போனார். ஒவ்வொரு தடவையும் கழுத்துவரை நனைந்திருந்தார், ஒரு கோப்பை தேநீரை நின்றபடி குடித்தார், வெறும் சாக்குகளை அள்ளிக்கொண்டு போனார். சாக்கு எதற்கு என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மாலையில் வாப்பா கேட்டார். மண் நிரப்பி வரம்பில் அடுக்குவதற்கு. ஆறு ஏக்கர் நெல் முற்றி நிற்கிறது. அடுத்த கிழமை அறுப்பதற்கு இயந்திரம் பேசியிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வந்தது. கழுவி விட்டது போல நீல வானம். நாங்கள் முற்றத்தில் இறங்கிச் சத்தம் போட்டோம். இன்னும் ஓர் இரவு இருக்கிறது, மறுபடி போய்க் கட்டுவோம் என்று நானா தறப்பாளைத் தேடினார். மாமா திண்ணையில் இருந்து செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வானம் வெளிச்சிட்டுது தம்பி. இனித்தான் வான் பாயும்" என்றார்.

மாணவர்களே, ஒரு சொல் பல பொருள் என்ற பகுதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. வான் என்றால் ஆகாயம். வான் என்றால் குளம் நிரம்பியதும் மிகை நீர் வெளியேறும் வழி. வான் என்றால் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வாகனம். முதலாவது தெளிந்திருந்தது, மூன்றாவது சேற்றில் புதைந்திருந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் மாமா சொன்னார். நாங்கள் விளங்காமல் நிற்க, அவர் அநுராதபுரத்தைக் கையால் காட்டினார். "அங்க பெய்ததெல்லாம் இனித்தான் இங்க வந்து சேரும். ஒண்டு இரண்டு நாள் பிந்தித்தான் வரும்." அப்போதுதான் எனக்கு அந்தப் பாலமும் மிதந்து வந்த மரமும் நினைவுக்கு வந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை உலுக்கியபோது இதே அருவியாறு பெருகி மன்னார்ப் பெருநிலப்பரப்பில் என்ன செய்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். சிலர் அதற்குள் இருந்தவர்கள். (டித்வா என்ற பெயரைக் கொடுத்தது யெமன் நாடு. சொகொத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர் அது.) அந்த வெள்ளத்தைப் பற்றிய உங்கள் கட்டுரைகளில் "இயற்கை அன்னையின் சீற்றம்" என்று முப்பது இடத்தில் வாசித்தேன். நீர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆற்றின் வழியாக வந்தது என்று இரண்டு பேர்தான் எழுதியிருந்தீர்கள்.

மதியத்துக்கு முன்பே வான் பாய்ந்தது. இரைச்சல் மாமாவின் வீட்டுக்குக் கேட்டது. வாய்க்கால்கள் நிரம்பி, வரம்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, நீர் வயலுக்குள் ஓசையில்லாமல் ஏறியது. நெல் விழுந்து கிடந்தது. சேற்றில் எந்த இயந்திரமும் இறங்காது. அயலவர்கள் எல்லோரும் அவரவர் வயலில் நின்றார்கள், உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை. மாமா ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் இறங்கினார். பிறகு நானா, மச்சான், நான், உம்மா. ராத்தாவும் மாமியும் சின்னவனும் கரையில்.

நான் அதற்கு முன்பு ஒரு நெற்கதிரைக் கையால் தொட்டதில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதன் கீழே பாதத்தை விடாத சேறு. தாளை அடியில் பிடித்து அறுக்க முடியாது, கதிரை மட்டும் தேடிப் பிடித்து அறுக்க வேண்டும். சுணை கையில் ஏறி அரித்தது. அறுத்த கதிரை எங்கே வைப்பது? சாக்கில் போட்டால் நனைந்த பாரம், தோளில் தூக்கிச் சேற்றில் நடக்க முடியாது. உம்மாதான் தறப்பாளைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தண்ணீரின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு பேர் உயர்த்திப் பிடித்துக்கொள்ள, கதிர்க் குவியல் தோணி போல மிதந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய் மேட்டில் கொட்டினோம். திரும்பி வந்தோம். பொழுது படும்வரை அதைத்தான் செய்தோம். ஆறு ஏக்கரில் அரை ஏக்கர்கூட வந்திருக்காது என்று நினைக்கிறேன். இருட்டியதும் மாமா, "காணும்" என்றார். மிச்சத்தைத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்.

வரும் வழியில் நானா ஒன்றும் பேசவில்லை. விடுமுறையை எண்ணவும் இல்லை.

அன்றிரவு நடந்ததைத்தான் நான் அந்த மாணவிக்குச் சொல்ல நினைத்தேன். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி முளைவிட்டுவிடும் என்பதால் மாமியும் உம்மாவும் குசினித் தரையில் கதிர்களைப் பரப்பி, அடுப்பை எரியவிட்டுப் பக்கத்தில் இருந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். மாமி கேட்டார்: "அக்கா, உங்களுக்கு மழைக்குப் பயம் இல்லையா?"

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். வள்ளத்தில் போன இரவும் மழை என்றார். ஆட்கள் நெருங்கி இருந்ததால் காலை நீட்ட இடம் இல்லை. யாரோ ஒருவர் மீன் மூடுகிற படங்குத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதைத் தலைக்கு மேல் போட்டு, அதற்குள் குனிந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழும்வரை பயம் இல்லை, அழுகை நின்றால்தான் பயம். நின்ற ஒவ்வொரு தடவையும் காலில் கிள்ளி அழவைத்தார். "விடிஞ்சு பார்த்தா, புள்ளட காலெல்லாம் நகக் காயம்" என்றார்.

அந்தப் பிள்ளை நான். அந்தக் கதையை இருபது ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை. முதல்முறை சொன்னது, நெல்லை இழந்த ஒரு பெண்ணுக்கு. மாமி ஒன்றும் சொல்லாமல் அடுப்புக்குள் விறகைத் தள்ளிய சத்தம் கேட்டது. நான் போர்வைக்குள் என் காலைத் தடவிப் பார்த்தேன். அடையாளம் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை உழவு இயந்திரத்தால் வானை இழுத்து எடுத்தார்கள். புறப்படும்போது மாமா அரைச் சாக்கு நெல்லைத் தூக்கி வந்தார். வாப்பா வேண்டாம் என்றார், மாமா கேட்கவில்லை. "கருவாட்டுக்கு" என்றார். உம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு, தறப்பாளை வானிலிருந்து இறக்கி மாமியிடம் கொடுத்தார். மிச்ச நெல்லை வெயிலில் பரப்பிக் காயவைக்க அவர்களிடம் அவ்வளவு பெரிய விரிப்பு எதுவும் இல்லை. புத்தளம் போய்ச் சேர்ந்ததும் எங்கள் நெல்லைச் சீமெந்துத் தரையில் கொட்டினோம். பாதி முளைவிட்டிருந்தது. மீதியைக் குத்திச் சோறாக்கினோம். கொஞ்சம் புளித்த மணம் இருந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

2012இல் நாங்கள் தாராபுரத்துக்குத் திரும்பி வந்தோம். கூரை போடக் காசு சேராத நாட்கள். ஒருநாள் காலையில் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு மூட்டை அரிசி, அதன் மேல் மடித்துக் கட்டிய தறப்பாள். வேம்பு வளர்ந்த குசினியைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார்.

"இந்தாங்கோ அக்கா, உங்கட முகாம்" என்றார்.

உம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவில் நின்ற கழுதைகூடத் திரும்பிப் பார்த்தது. ஓடு போடும்வரை மூன்று மாதம் அதன் கீழேதான் சமைத்தோம். வாடைப் பக்கத்தைத் தாழக் கட்டினோம்.

அந்த மாணவி தன் கட்டுரையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் இருக்கிறாள், இன்னும் மழை விடவில்லை.